தமிழ்நாடு நீங்கலாக: கடைப் பரிசுகளும் சட்டமும்

பிஸ்கட் பாக்கெட்டிலோ குளிர்பானப் பாட்டிலிலோ அச்சிட்டிருக்கும் பரிசு அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படிப்பவர்கள் குறைவு. படித்தால், பொடி எழுத்தில் பல சமயம் ஒரு நிபந்தனை கண்ணில் படும்: இந்தப் பரிசுத் திட்டம் தமிழ்நாட்டில் செல்லாது. கூகுள் பே வழியாகப் பணம் அனுப்பியதும் கீறிப் பார்க்கக் கிடைத்த அட்டைகளின் விதிகளிலும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருந்தது. நிறுவனங்கள் நம்மை மட்டும் ஒதுக்குகின்றன என்று அப்போது பலர் குறைபட்டுக்கொண்டார்கள். ஒதுக்கியதற்குக் காரணம் நம் சட்டமன்றம் 1979-ல் இயற்றிய தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்.

அந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது என்பதை அதன் வரையறையிலிருந்தே பார்த்துவிடலாம். கடையிலோ, திட்டத்தை நடத்துபவர் குறிப்பிடும் வேறு எந்த இடத்திலோ பொருள் வாங்கியவர்களுக்குள் ஒருவரையோ சிலரையோ சீட்டுக் குலுக்கியோ வேறு எந்த வகையிலோ தேர்ந்தெடுத்து, பணமாகவோ பொருளாகவோ சொத்தாகவோ பரிசு கொடுப்பதுதான் அது சொல்லும் ‘பரிசுத் திட்டம்’. அதை நடத்துவது குற்றம். ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு கூப்பன், பூர்த்தி செய்து பெட்டியில் போட்டால் தீபாவளிக்கு மறுநாள் குலுக்கல், முதல் பரிசு ஸ்கூட்டர் என்று நம் கடைவீதிகளில் நடப்பது இந்த வரையறைக்குள் அப்படியே அடங்கிவிடுகிறது. பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியும்? தெரியாமலேதான் பெரும்பாலோர் நடத்துகிறார்கள் என்று நம்புகிறேன். தெரிந்தே சட்டத்தை மீறுகிறவர் முதல் பரிசு பெற்றவரோடு நின்று படம் எடுத்துப் பேனர் கட்டமாட்டார்.

ஒரு கடை விளம்பரத்துக்காகப் பரிசு கொடுப்பதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதற்கு விடை தேட எழுபது ஆண்டு பின்னால் போகவேண்டும்.

1950-களின் முதற்பாதியில் இந்தியப் பத்திரிகை உலகம் குறுக்கெழுத்துப் போட்டிகளில் மூழ்கிக் கிடந்தது. தமிழில் அதற்கும் முன்பே, 1930-களில், ஆனந்த விகடன் இத்தகைய போட்டிகளால் வாசகர்களைச் சேர்த்திருந்தது. பெங்களூரிலிருந்து ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற இதழை நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தம் பெயரெழுத்துகளையே போட்டிக்குச் சூட்டி, பம்பாய் மாநிலம் எங்கும் அதைப் பரப்பினார். கட்டணம் கட்டிக் கட்டங்களை நிரப்பி அனுப்பவேண்டும். சரியான விடை முன்கூட்டியே முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும்.

இதில் என்ன குறை என்று உடனே தோன்றாது. நம் மொழியில் ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘பண்டிகை நாளில் வீட்டுக்கு அழகு சேர்ப்பது, நான்கெழுத்து, முதலெழுத்து வி.’ விளக்கு என்று ஒருவர் எழுதுகிறார், விருந்து என்று இன்னொருவர். இரண்டும் பொருந்துகின்றன. எது பொருத்தம் என்று யாரும் ஆராய்வதில்லை. உறைக்குள் இருப்பது எதுவோ அது வெல்லும். ஒரே போட்டியில் இத்தகைய குறிப்புகள் பல இருந்தால் எல்லாவற்றிலும் உறையோடு ஒத்துப்போவதற்குச் சொல்லறிவு உதவாது. அதனால்தான் பம்பாய் அரசு தொடர்ந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. அதே நாளில், 1957 ஏப்ரல் 9 அன்று, மத்திய அரசின் பரிசுப் போட்டிகள் சட்டத்தை எதிர்த்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். திறமைக்குக் கணிசமான இடமுள்ள போட்டிகளை இந்தச் சட்டம் தொடாது, அதிர்ஷ்டத்தை நம்பியவற்றை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று அவர் பிரித்துக் காட்டினார். இன்றைக்கு இணையச் சீட்டாட்டம் பற்றிய வழக்குகளில் திறமையா, அதிர்ஷ்டமா என்று நடக்கும் வாதம் முழுவதற்கும் இந்த இரண்டு தீர்ப்புகள்தாம் ஊற்று.

1955-ன் பரிசுப் போட்டிகள் சட்டத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடாளுமன்றம் தானாகச் சட்டம் இயற்ற முடியாது; மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டவற்றில் சென்னை மாநிலமும் ஒன்று. எழுத்து, சொல், எண், படம் ஆகியவற்றை அடுக்கியும் கோத்தும் விடை காணும் புதிருக்குப் பரிசு கொடுத்தால், ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்கக்கூடாது, உரிமமும் பெறவேண்டும் என்றது அந்தச் சட்டம். அன்றைக்கு வகுத்த ஆயிரம் ரூபாய் இன்னும் ஆயிரமாகவே நிற்கிறது. ‘ஃப்ரிட்ஜ் படத்தைச் சரியாக அடுக்குங்கள், ஃப்ரிட்ஜையே வெல்லுங்கள்’ என்று விளம்பரம் செய்யும் கடைக்காரர் முதலில் பார்க்கவேண்டிய சட்டம் இது.

பிறகு 1970-களில் ‘பிரைஸ் சிட்’ நிறுவனங்கள் பெருகின. மாதாமாதம் ஒரு தொகை கட்டவேண்டும். ஒவ்வொரு மாதமும் குலுக்கலில் பெயர் வருபவர் பரிசோடு விலகிக்கொள்வார். மற்றவர்கள் கடைசிவரை கட்டி, வட்டி இல்லாமல், சில இடங்களில் அசலிலும் கழிவோடு, திரும்பப் பெறுவார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் எஸ். ராஜ் ஆய்வுக்குழு இவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1978-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து இவற்றை மூடியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் சட்டம் வந்தது. தவணைக்கு வைத்த தடையை அது கடைக் கொள்முதலுக்கும் நீட்டியது.

இதே அரசுதான் 1968-லிருந்து பரிசுச் சீட்டு விற்றது, 2003-ல்தான் லாட்டரியை அடியோடு நிறுத்தியது என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். அரசியல் சட்டத்தில் அரசு லாட்டரி மத்தியப் பட்டியலிலும் சூதாட்டம் மாநிலப் பட்டியலிலும் தனித்தனியாக இருக்கின்றன. தனியார் லாட்டரி என்பதற்கு எங்கும் இடமில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு அதைக் குற்றமாக வைத்திருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது. குலுக்கல் நடத்த இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை. அறிவிப்பு வெளியிட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இந்த அபராதம் 1,000 ரூபாய்.

இத்தனை சட்டங்களுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: பரிசுக்கான பணம் யார் சட்டைப்பையிலிருந்து வருகிறது? பரிசு உண்டு, அதிர்ஷ்டம் உண்டு, பங்கேற்பவர் அதற்காகப் பணமும் கொடுக்கிறார் என்று மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் லாட்டரி இல்லை. அமெரிக்க நிறுவனங்கள் தம் பரிசு அறிவிப்புகளில் ‘எதுவும் வாங்கத் தேவையில்லை’ என்று தடித்த எழுத்தில் போடுவது மூன்றாவதை எடுப்பதற்காக. அங்கே அஞ்சலட்டை அனுப்பியும் பங்கேற்கலாம். கனடாவில் பரிசு விழுந்தவரிடம் ஒரு சின்னக் கணக்கைப் போடச் சொல்வார்கள். அது இரண்டாவதைத் தணிப்பதற்காக.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் வரையறையும் ‘பொருள் வாங்கியவர்களுக்குள்’ என்ற சொற்களைப் பற்றித்தான் நிற்கிறது. ஆகவே யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து, ஒரு பைசா செலவழிக்காமல், பெயரெழுதிப் போடலாம் என்று திறந்துவிடும் குலுக்கல் அந்த வரையறைக்கு வெளியே நிற்பதாக வாதிட இடம் இருக்கிறது. ஆனால் வாங்கியவருக்குப் பத்துக் கூப்பன், வாங்காதவருக்கு ஒன்று என்று வைத்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். கேட்டால் மட்டும் கொடுக்கும்படி இலவசக் கூப்பனைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைத்தாலும் அப்படியே. எல்லாருக்கும் சமமான வாய்ப்பு என்று வெளிப்படையாக எழுதிவைக்கும் துணிவு இருந்தால் மட்டுமே இந்த வழி.

இதைவிடப் பத்திரமான வழி எல்லாருக்கும் பரிசு. இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்றால் தேர்வே இல்லை; தேர்வு இல்லாத இடத்தில் இந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. ஆடித் தள்ளுபடியும் ‘இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்பதும் இந்த வகை. பழைய ஐந்து பைசா நாணயம் கொண்டுவரும் முதல் நூறு பேருக்குப் பிரியாணி என்று சில ஊர்களில் அறிவிக்கிறார்களே, அதிலும் குலுக்கல் இல்லை. அங்கே கவலைப்படவேண்டியது கூட்டத்தைப் பற்றி. நூறு பொட்டலத்துக்கு ஆயிரம் பேர் தெருவில் நின்றால் போக்குவரத்துக்கும் தள்ளுமுள்ளுக்கும் அழைத்தவர்தான் பொறுப்பு.

மூன்றாவது வழி உண்மையான திறமைப் போட்டி. மார்கழியில் ஒரு மளிகைக் கடை தன் தெருவில் கோலப் போட்டி வைக்கிறது என்று கொள்வோம். நுழைவுக் கட்டணம் இல்லை, ரசீது கேட்பதில்லை. புள்ளி வரிசையின் ஒழுங்குக்கு எத்தனை மதிப்பெண், புதுமைக்கு எத்தனை, வண்ணத்துக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். கடைக்கு உறவில்லாத மூன்று பேர் மதிப்பிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. இதைச் சூதாட்டம் என்று யாரும் சொல்லமுடியாது. இதையே ‘ஐந்நூறு ரூபாய்க்கு மளிகை வாங்கியவர்கள் மட்டும் கோலம் போடலாம்’ என்று மாற்றினால், 1979-ன் சட்டத்தில் உள்ள ‘வேறு எந்த வகையிலோ தேர்ந்தெடுத்து’ என்ற சொற்கள் வந்து மறிக்கின்றன. திறமையால் தேர்ந்தெடுப்பதும் ஒரு வகைதானே என்று கேட்டால் கடைக்காரரிடம் உறுதியான பதில் இருக்காது. ஆகவே ரசீதையும் போட்டியையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாமல் இருப்பதுதான் தமிழ்நாட்டில் விவேகம்.

சட்டத்தில் உள்ள இந்த அகலமான சொற்கள்தாம் பெரிய நிறுவனங்களைப் பயமுறுத்துகின்றன. சட்டம் பொருள் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறது, சேவைக்கும் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்துக்குள் இறங்குவதைவிட மாநிலத்தையே ஒதுக்கிவிடுவது அவர்களுக்கு எளிது. என் கோபம் அதன் அடுத்த கட்டத்தைப் பற்றியது. ஒதுக்கிய பிறகும் ‘கார் வெல்லுங்கள்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட அதே பாக்கெட் மதுரையிலும் நெல்லையிலும் அதே விலைக்கு விற்பனையாகிறது. தகுதி இல்லை என்ற தகவல் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், படிக்கமுடியாத அளவில் இருக்கிறது. பரிசு ஆசையில் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கிய குழந்தைக்கு அந்த ஆசையை விற்றவர் சட்டத்துக்குப் பணிந்து நடந்ததாகச் சொல்லிக்கொள்ளமுடியாது.

இங்கே நுகர்வோர் சட்டம் உதவிக்கு வருகிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று பட்டியலிடுபவற்றில் மூன்று நேராகப் பரிசுகளைப் பற்றியவை. கொடுக்கும் எண்ணம் இல்லாமலே பரிசை அறிவிப்பதும், விலைக்குள் அடக்கிவிட்டதை இலவசம் என்று காட்டுவதும் ஒன்று. விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டியோ லாட்டரியோ அதிர்ஷ்ட விளையாட்டோ திறமை விளையாட்டோ நடத்துவது மற்றொன்று. விதிகளில் விலக்கு அளித்தவை மட்டும் தப்பும். திட்டம் முடிந்தபின் முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பது மூன்றாவது. நடுவில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் கோலப் போட்டிகூடத் தப்பாது. நீதிமன்றங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதற்கு இரண்டு வழக்குகள் சான்று.

முதலாவது ஹார்லிக்ஸ் வழக்கு. ‘மறைந்திருக்கும் செல்வம்’ என்ற பொருளில் பெயர் வைத்து, சில பாட்டில்களுக்குள் பரிசுச் சீட்டை அடைத்து விற்றது அந்த நிறுவனம். ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் ஆணையத்துக்கு விவகாரம் போய், 1998-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சில பாட்டிலில் சீட்டு இருப்பதாலேயே அது லாட்டரி ஆகிவிடாது, வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்ததாகவும் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சீட்டு இல்லாத பாட்டிலை வாங்கியவரும் கொடுத்த காசுக்கு ஹார்லிக்ஸ் குடித்தார்.

இரண்டாவது, 2007 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஸ்டார் பிளஸில் ஷாருக் கான் நடத்திய ‘கௌன் பனேகா கரோர்பதி’. வீட்டில் இருப்பவர்களும் கேள்விக்கு எஸ்எம்எஸ்ஸில் விடை அனுப்பலாம். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் 2 லட்சம் ரூபாய். ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு ஏர்டெல் 2 ரூபாய் 40 காசு வாங்கியது. 52 நாள் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 58 லட்சம் செய்திகள் வந்தன. கணக்கு ஒரு நுகர்வோர் அமைப்பின் கண்ணில் பட்டது: வசூல் சுமார் ஒரு கோடியே 39 லட்சம், பரிசு ஒரு கோடியே 4 லட்சம். இலவசப் போட்டி என்று மக்கள் நம்பினார்கள், பரிசுக்கோ அவர்களே பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு கோடி ரூபாய் தண்ட இழப்பீடு விதித்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எஸ்எம்எஸ் வருமானத்திலிருந்துதான் பரிசு போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது.

சட்டப்படி அந்த முடிவு சரியாக இருக்கலாம். எனக்கு ஆணையத்தின் கணக்கே நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. கட்டணத்தை உயர்த்தி வைத்துவிட்டு வருமானத்தை ஒரு கணக்கிலும் பரிசை இன்னொரு கணக்கிலும் எழுதினால் பங்கேற்றவரின் இழப்பு குறைந்துவிடுமா? ஆனாலும் தீர்ப்பு வணிகர்களுக்கு ஒரு பாடத்தைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறது: பரிசுச் செலவு விளம்பரச் செலவுக் கணக்கிலிருந்து போகவேண்டும், திட்டக் காலத்தில் பொருளின் விலை ஏறியிருக்கக்கூடாது, இரண்டுக்கும் தாள் இருக்கவேண்டும்.

நுகர்வோர் சட்டத்தின் மூன்றாவது விதி, முடிவைச் சொல்வது, மிக எளியது. மிக அதிகமாக மீறப்படுவதும் அதுதான். எந்தப் பத்திரிகையில் திட்டத்தை அறிவித்தோமோ அதே பத்திரிகையில், நியாயமான காலத்துக்குள், கண்ணில் படும்படி முடிவை வெளியிட்டால் பங்கேற்றவர்களுக்குத் தெரிவித்ததாகக் கொள்ளலாம் என்று சட்டமே வழி சொல்கிறது. அறிவிப்பு முழுப் பக்கத்தில், முடிவு எங்குமில்லை என்பது இன்றைய நடைமுறை. இன்ஸ்டாகிராமில் பரிசு கொடுப்பவர்கள் வென்றவர் பெயரை ஒரு நாளில் மறைந்துபோகும் ‘ஸ்டோரி’யில் போடுகிறார்கள். அறிவித்த பதிவின் கீழேயே நிலையாக எழுதிவைப்பதுதான் இந்த விதியின் நோக்கத்துக்குப் பொருந்தும்.

வாக்குறுதிக்கு வருவோம். விளம்பரத்தில் சொன்னதெல்லாம் ஒப்பந்தம் ஆகுமா என்ற கேள்விக்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருப்பது 1893-ன் இங்கிலாந்து வழக்கு. கார்பாலிக் புகையுருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டுவைத்திருக்கிறோம் என்றது விளம்பரம். கார்லில் என்ற பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது, வழக்கில் வென்று பணமும் வாங்கினார். நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு ஆகும் என்று 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது. பேனரில் எழுதிய பரிசைப் பின்பு ‘இருப்பு தீர்ந்துவிட்டது’ என்று சொல்லித் தவிர்ப்பவர் இந்தக் கதையை அறிந்திருக்கவேண்டும்.

விதிகளை எழுதுவதில் கவனம் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிலிப்பைன்ஸில் பெப்சி நடத்திய போட்டியைவிடக் கொடிய சான்று இல்லை. 1992-ல் பாட்டில் மூடிகளுக்குள் மூன்று இலக்க எண்களை அச்சிட்டார்கள். தினமும் இரவில் தொலைக்காட்சியில் வென்ற எண்ணை அறிவித்தார்கள். உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. மே 25 அன்று அறிவித்த எண் 349. அந்த எண் கொண்ட மூடிகள் சுமார் 8 லட்சம் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் சரியான பாதுகாப்புக் குறியீடு இல்லை, ஆகவே பரிசு இல்லை என்றது நிறுவனம். நல்லெண்ணத்துக்காக ஒரு மூடிக்கு 500 பெசோ தரமுன்வந்தது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்ற ஏழைகளுக்குக் குறியீட்டின் கதை புரியவில்லை, புரியவேண்டிய அவசியமும் இல்லை. கலவரம், லாரி எரிப்பு, வெடிகுண்டு, உயிர்ப்பலி என்று போய், ஆயிரக்கணக்கான வழக்குகள் பதிவாகின. 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று முடித்தது. வழக்கில் வென்ற நிறுவனம் பதினான்கு ஆண்டு அந்தக் கறையோடு வாழ்ந்தது. எண் மட்டும் போதாது, குறியீடும் வேண்டும் என்பதை அறிவிப்பின் முதல் வரியில் சொல்லியிருக்கவேண்டும். எத்தனை மூடி எந்த எண்ணில் அச்சாகிறது என்பதை அச்சகத்துக்கு வெளியே இன்னொருவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

நம் ஊர்க் கடைக்காரரின் கவனத்துக்கு வராத இன்னொரு பக்கம் வரி. பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 30 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். பரிசு வருமானத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது. ஆண்டு முழுதும் வேலை செய்தும் வரி வரம்பைத் தொடாத கூலித் தொழிலாளிக்கும் அதே 30 சதவீதம்தான். பணமாக இருந்தால் கழித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். பரிசு கார் என்றால் வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே சாவியைக் கொடுக்கமுடியும். 8 லட்சம் ரூபாய்க் காருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். அதை யார் கட்டுவது என்பதை அறிவிப்பில் சொல்லாமல் விட்டால், வென்றவர் வாசலில் வந்து நின்று கடன் தேடும் நிலை வரும். வரியையும் நாங்களே ஏற்கிறோம் என்று எழுதும் கடைகள் பாராட்டுக்குரியவை.

இந்த விதிதான் மோசடிக்காரர்களுக்கும் கைகொடுக்கிறது. ‘உங்களுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது, வரித் தொகையை முதலில் அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கரோர்பதிச் செய்திகளை மக்கள் நம்புவதற்குக் காரணம், பரிசுக்கு முன்கூட்டி வரி கட்டுவது சில இடங்களில் உண்மையாகவே இருப்பதுதான். பணப் பரிசுக்கு யாரும் முன்கூட்டி வரி கேட்கமுடியாது, அதிலிருந்தே கழிக்கவேண்டும் என்ற ஒரே வித்தியாசம் பரவலாகத் தெரிந்தால் பலர் தப்பிப்பார்கள்.

கடைக்காரருக்குக் கொடுக்கும் பரிசுக்கு வேறு விதி. சிமெண்ட், பெயிண்ட் நிறுவனங்கள் இலக்கை எட்டிய முகவர்களுக்குத் தங்கக் காசும் வெளிநாட்டுப் பயணமும் கொடுக்கின்றன. 2022 ஜூலை முதல் இவற்றின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்கவேண்டும். ஜிஎஸ்டியில், பரிசாகக் கொடுத்துவிடும் பொருளை வாங்கியபோது கட்டிய வரியைத் திரும்ப வரவு வைக்கமுடியாது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ மட்டும் வேறு: அது ஒரு விலைக்கு இரண்டு பொருள் விற்றதாகவே கொள்ளப்படும் என்று 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியது.

நகைச்சீட்டு பற்றியும் இங்கே ஒரு சொல். அது 11 மாதத்தோடு நிற்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் நிறுவனம் பொருளைக் கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். இதோடு மாதாந்தரக் குலுக்கலையும் சேர்த்து, பெயர் வந்தவர் மீதித் தவணை கட்டவேண்டாம் என்று வைப்பவர், 1978-ல் மூடிய கதவைத் திறக்கிறார்.

கூப்பன் பெட்டிக்குள் பெயர், முகவரி, கைப்பேசி எண், பிறந்த தேதி, திருமண நாள் எல்லாம் விழுகின்றன. கடைக்கு உண்மையான லாபம் இதுதான் என்பது வணிகர்களுக்குத் தெரியும். 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் கொடுக்கச் சொல்கிறது. குலுக்கலுக்கென்று வாங்கிய எண்ணுக்கு ஆண்டு முழுக்க விளம்பரச் செய்தி அனுப்புவது அந்த ஒப்புதலுக்குள் வராது. சிறுவர்களைக் குறிவைக்கும் பரிசு விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்கள் தனியாகக் கடிவாளம் போட்டிருக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம்.

இணையத்தில் ஒரு செயலியில் ஐம்பது ரூபாய் கட்டி விளையாடி ஐபோன் வெல்லலாம் என்று கடை அறிவித்தால், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் குறுக்கே வரும். பணம் கட்டிப் பணமோ பரிசோ எதிர்பார்க்கும் இணைய விளையாட்டு திறமை சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. வெங்கடராம ஐயர் 1957-ல் போட்ட கோட்டை, இணைய விளையாட்டைப் பொறுத்தவரை, அது அழித்துவிட்டது.

இந்த வலைக்குள் நேர்மையான சிறு வணிகர் எப்படி நடப்பது? அவர் முன்கூட்டியே போய்க் கேட்க ஓர் அலுவலகம் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க், ஃபுளோரிடா மாநிலங்களில் மொத்தப் பரிசு 5,000 டாலரைத் தாண்டினால், போட்டி தொடங்குவதற்கு முன்பே விதிகளைப் பதிவு செய்து, பரிசுத் தொகைக்கு ஈடாகப் பிணை கட்டவேண்டும். நியூயார்க்கில் 30 நாள், ஃபுளோரிடாவில் 7 நாள் முன்னதாக. பரிசு கொடுக்காமல் ஏமாற்ற முடியாது. கடைக்காரருக்கும் தாம் செய்வது சரிதான் என்று கையில் ஒரு தாள் இருக்கும். தமிழ்நாட்டிலோ ஏமாந்தவர் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏமாற்ற விரும்பாதவருக்குத்தான் போக இடமில்லை.

கொள்முதலோடு குலுக்கலை முடிச்சுப் போடுவதற்கு 1979-ல் விதித்த தடை தொடரவேண்டும் என்பதே என் கருத்து. வட்டிக்கு வாங்கித் தீபாவளித் துணி எடுக்கும் குடும்பத்தை இன்னும் ஒரு கூப்பனுக்காக ஐந்நூறு ரூபாய் கூடச் செலவழிக்க வைக்கும் தந்திரத்துக்கு அது தடையாக இருக்கிறது. ஆனால் ‘வேறு எந்த வகையிலோ’ என்ற சொற்களுக்குள் கட்டணமில்லாத் திறமைப் போட்டிகளும் எல்லாருக்கும் திறந்த இலவசக் குலுக்கல்களும் வராது என்று அரசு ஓர் அறிவிக்கையில் சொல்லிவிடலாம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விதிகளைத் தமிழில் பதிவு செய்யவும், பரிசின் கொள்முதல் ரசீதை முன்கூட்டியே காட்டவும், முடிவை அதே பதிவேட்டில் சேர்க்கவும் ஏற்பாடு செய்தால், அதற்கு ஓர் எழுத்தரும் ஓர் இணையப் பக்கமும் போதும்.